எறிகோடரி: மரபும் புனைவும்

படைக்கலங்களைக் கைவிடுபடை, கைவிடாப்படை என இருவகைப்படுத்துவது தமிழில் நெடுங்காலமாக உள்ள வழக்கு. அம்பும் எறியீட்டியும் முன்னதன்பாற்படுவன. வாளும் தண்டும் பின்னதன்பாற்படுவன. கோடரியை இவற்றுள் எதனோடு சேர்ப்பது எனின், ஐயமின்றிப் பின்னதனோடு என்றே எவரும் விடையிறுப்பர். விறகு வெட்டுவோன் கையிலாயினும் போர்வீரன் கையிலாயினும் அது மீண்டும் மீண்டும் ஓங்கி இறக்குவதற்கென்றே அமைந்தது. அதனை எறிந்துவிட்டவன் மறுகணமே வெறுங்கையன். குறி தப்பினாலோ, தன் கருவியைத் தானே பகைவனுக்கு வழங்கியவனும் ஆவான். இத்தகையதொரு கருவியை மனிதர் ஏன் எறியத் தலைப்பட்டனர் என்பதே வியப்புக்குரியது. அவ்வாறு எறிவது ஒரு விளையாட்டாகி, அதற்கெனக் கூட்டமைப்புகளும் விதிக்கோவைகளும் தோன்றியிருப்பது அதனினும் வியப்புக்குரியது.

இன்று நகரங்களிற் காணப்படும் வடிவில் இவ்விளையாட்டின் வயது மிகக் குறைவு. 2006ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரில் மற் வில்சன் என்பவர் தம் வீட்டுப் பின்வளவில் நண்பர்களைக் கூட்டி நடத்திய எறிபோட்டியிலிருந்தே அது வளர்ந்தது. சில ஆண்டுகளில் அது பின்வளவை விட்டு மண்டபங்களுக்குட் புகுந்தது. பின் வட அமெரிக்கா எங்கும், கடல் கடந்து பிரித்தானியா, அவுஸ்திரேலியா முதலான நாடுகளுக்கும் பரவியது. இத்துணை இளமையான ஒரு விளையாட்டினை நடத்துவோரோ, தம் மண்டபங்களுக்கு வைக்கிங் பெயர்களைச் சூட்டுவதையும், ஆயிரமாண்டுப் பழமையுடைய வீரமரபு இது எனக் கூறுவதையும் பெரிதும் விரும்புகின்றனர். அவ்வுரிமைக் கூற்றினைச் சான்றுகளின் துணைகொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு பொழுதுபோக்கின் பூர்வீகத்தை ஆராய இத்துணை முயற்சி வேண்டுமா என வினவுதல் கூடும். பூர்வீகம் பற்றிய பேச்சு எங்கு எழுந்தாலும் அதன் பின்னே யாரோ ஒருவரின் தேவை நிற்கும். இக்கோடரியின் வரலாற்றிலே அத்தேவை ஒருமுறை மிகக் கொடியதாகவும் இருந்துள்ளது. அதனைப் பின்னர்க் காண்போம்.

எறிவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட கோடரி ஐரோப்பிய வரலாற்றில் உண்மையிலேயே இருந்தது. ஆனால் அது வைக்கிங்குகளுடையது அன்று. அவர்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு ரைன் ஆற்றங்கரையிலிருந்து கோல் நாட்டினுட் புகுந்த பிராங்கியர் என்னும் ஜேர்மானிய இனத்தவருடையது. செவீயா நகர ஆயராக விளங்கிய இசிதோர், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த தமது சொற்பிறப்பு நூலிலே, ஸ்பானிய மக்கள் இதனைப் பிராங்கியர் கையாண்டமையால் பிரான்சிஸ்கா என வழங்கினர் என்று குறித்துள்ளார். 1653இல் இன்றைய பெல்ஜியத்தின் தூர்னே நகரில் பிராங்கிய மன்னன் சில்டெரிக்கின் கல்லறை தற்செயலாக வெளிப்பட்டபோது, பொன்னணிகளோடும் வாளோடும் இத்தகையதொரு கோடரித் தலையும் கிடைத்தது. சில்டெரிக் 481 அல்லது 482இல் இறந்தவன். அதன்பின் ரைன், மியூஸ் ஆற்றுப் பகுதிகளிலும் வட பிரான்சிலும் அகழப்பட்ட ஏராளமான கல்லறைகள் இதன் வடிவத்தை ஐயத்திற்கிடமின்றி நிறுவியுள்ளன: மேல்நோக்கி வளைந்து எழும் தலை, காம்புத் துளையை நோக்கி ஒடுங்கும் கழுத்து, ஒரே ஓர் அலகு.

ஒரே ஓர் அலகு என்பதனை ஈண்டு அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. எழுத்துச் சான்றுகள் வேறு விதமாகப் பேசுகின்றன. அவற்றுள் காலத்தால் முந்தியது, 458இல் லியோன் நகரிலே உரோமப் பேரரசன் மஜோரியனைப் புகழ்ந்து சிதோனியஸ் அப்பொலினாரிஸ் பாடிய புகழ்ப்பா. பிராங்கியரை வருணிக்குமிடத்து, விரைந்து செல்லும் கோடரிகளை வெட்டவெளியில் வீசி, அடி விழும் இடத்தை முன்கூட்டியே அறிந்திருப்பது அவர்களுக்கு விளையாட்டு என்னும் கருத்துப்பட அவர் பேசுகின்றார். விளையாட்டு என்பதற்கான இலத்தீன் சொல்லையே அவர் ஆள்கின்றார் என்பது மனங்கொள்ளத்தக்கது. எனினும் அதனைக் கொண்டு 5ஆம் நூற்றாண்டிலேயே கோடரி எறிபோட்டி இருந்தது எனக் கூறுவது மிகையாகும். கடினமானதொன்று ஒருவனுக்குக் கைவந்த கலையாக இருப்பதனை நாமும் "அது அவனுக்கு விளையாட்டு" என்கிறோமன்றோ? கவிஞரின் கருத்து அதுவாகவே இருத்தல் கூடும். மேலும், அவர் கோடரிக்கு வழங்கும் சொல் இருபுறமும் அலகுடைய கோடரியைக் குறிப்பது. இலத்தீன் பாவலர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த செய்யுட் சொல் அது. அதனைக் கொண்டு கருவியின் வடிவத்தைத் துணிய முடியாது.

அடுத்த சான்றினர் புறொக்கோப்பியஸ். பைசாந்தியத் தளபதி பெலிசாரியஸின் செயலாளராக இத்தாலியப் போர்களில் உடனிருந்தவர். 539இல் தியூடெபெர்ட் மன்னன் தலைமையில் இத்தாலியினுட் புகுந்த பிராங்கியப் படையைப் பற்றி எழுதுகையில், காலாட்களிடம் வில்லோ ஈட்டியோ இல்லை என்றும், வாளும் கேடயமும் கோடரியுமே உண்டு என்றும், கோடரியின் காம்பு மிகக் குறுகியது என்றும், முதற் பாய்ச்சலின்போது ஒரு சமிக்ஞை கிடைத்ததும் அனைவரும் ஒருசேர அதனை எறிந்து பகைவரின் கேடயங்களைச் சிதைப்பர் என்றும் கூறுகின்றார். அவரும் இருபுறமும் கூரியது என்றே எழுதுகின்றார். படையின் தொகையை ஓரிலட்சம் என அவர் கூறுவதனை இன்று எவரும் அப்படியே ஏற்பதில்லை. கோடரியின் அலகுகளைப் பொறுத்தும் அத்தகைய எச்சரிக்கை வேண்டும். 554இல் நிகழ்ந்த போரினைப் பாடமாக்கிய அகத்தியாஸ் களத்தைக் கண்டவரல்லர். கொன்ஸ்தாந்திநோபிளில் வழக்கறிஞராக வாழ்ந்தவர். அவரும் இரட்டை அலகுக் கோடரி பற்றிப் பேசுகின்றார். முந்தைய நூலின் சொல் பிந்தைய நூலிற் குடியேறுவது நாம் அறியாததன்று.

ஆயினும் புறொக்கோப்பியஸின் கூற்றில் ஒரு பகுதி நம் முதல் வினாவுக்கு விடை தருகின்றது. கோடரி எறியப்பட்டது ஒரு தனிவீரன் தன் திறனைக் காட்டுவதற்காக அன்று. கைகலப்புக்குச் சற்று முன்னர், பலர் ஒருசேர எறிந்து எதிரணியின் கேடய வரிசையைக் குலைப்பதற்காகவே அது பயன்பட்டது. எறிந்தபின் கையில் வாள் இருந்தது. ஆதலின் எறிந்தவன் வெறுங்கையனாகவில்லை.

நூற்சான்றுகளின் இரட்டை அலகு வெறும் பிழையாக நூலகங்களில் உறங்கியிருக்குமாயின் தீங்கில்லை. 1940இல் ஜேர்மனியிடம் பிரான்சு தோற்றபின், விஷி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு மார்ஷல் பெத்தான் அமைத்த அரசு, பிரான்சிஸ்க் எனப்பட்ட இக்கோடரியைத் தன் சின்னமாக்கிக் கொண்டது. மார்ஷலின் கோலே காம்பாக, அதன் இருமருங்கும் அலகுகள் பொருத்தி வரையப்பட்ட கோடரி அது. அந்த அரசின் நாணயங்களில் அது பொறிக்கப்பட்டது. அரசுக்கு உகந்தோர்க்கு அதன் பெயராலேயே விருதும் வழங்கப்பட்டது. பின்னாளிற் பிரான்சின் சனாதிபதியான பிரான்சுவா மித்தரான் 1943இல் அவ்விருதைப் பெற்றமை, அவரை இறுதிவரை தொடர்ந்த விவாதப் பொருளாயிற்று. வேற்று நாட்டுப் படையின் நிழலில் வாழ்ந்து, தன் யூதக் குடிமக்களைப் பிடித்துக் கொடுத்த ஓர் அரசு, பண்டைய பிராங்கிய வீரத்தின் வழித்தோன்றலாகத் தன்னைக் காட்டிக்கொள்ள விழைந்தது. அதற்கு அது தெரிந்தெடுத்த படைக்கலமோ, அகழ்வாய்வில் வெளிப்பட்ட பிராங்கியக் கோடரியின் வடிவத்தைக் கொண்டதன்று. கல்லறைகளிற் கிடைத்த ஒற்றை அலகினும் ஏடுகளிற் கிடைத்த இரட்டை அலகே சின்னத்துக்கு ஏற்றதாக இருந்தது போலும்.

உண்மையான பிரான்சிஸ்காவின் வாழ்வு நீண்டதன்று. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே கல்லறைகளில் அது அருகத் தொடங்குகின்றது. 7ஆம் நூற்றாண்டில் மறைந்துவிடுகின்றது. வைக்கிங்குகள் 8ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கடலோடிக் கொள்ளையிடத் தொடங்கியபோது, எறிவதற்கெனத் தனியாகச் செய்யப்பட்ட கோடரி ஐரோப்பியப் போர்க்களத்தில் இல்லை. அவர்களின் பெயர்பெற்ற நெடுங்காம்புக் கோடரி இரு கைகளாலும் பற்றி வெட்டுவதற்குரியது. அதனை எறிய முற்படுவது அறிவுடைமையாகாது. 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கிலேயர் ஈட்டிகளோடு கோடரிகளையும் எறிந்தனர் என நோர்மானிய வரலாற்றாசிரியரான புவாத்தியே வில்லியம் எழுதியுள்ளார். ஆதலின் எறிதல் முற்றாக இல்லை எனவும் கூறவியலாது. ஆனால் நெருக்கடியிற் கைக்கு வந்ததை எறிவது வேறு; எறிவதற்கெனவே ஒரு கருவியைச் செய்து, அதனைக் கொண்டு படையணியைப் பயிற்றுவது வேறு. பிராங்கியரிடமிருந்து வைக்கிங்குகளுக்கும், அவர்களிடமிருந்து நமக்கும் வந்ததொரு தொடர்ச்சி என்பது சான்றில்லாத கூற்று.

அடுத்து இக்கலையை நாம் தெளிவாகக் காணுமிடம் ஐரோப்பா அன்று. அட்லாந்திக்குக்கு அப்பால் வட அமெரிக்கா. அங்கு வேர்ஜீனியக் கரையோரத்து அல்கொங்கியப் பழங்குடியினரின் மொழியிலிருந்து தொமஹோக் என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலக் குடியேறிகள் கைக்கொண்டனர். பழங்குடியினரின் கருவி முன்பு கல்லாலும் மரத்தாலும் ஆனது. தோல் வணிகத்தோடு ஐரோப்பிய இரும்புத் தலைகள் வந்து சேர்ந்தபின், பெயர் அவர்களுடையதாகவும் இரும்பு வணிகருடையதாகவும் உள்ள ஒரு சிறு கோடரி இரு சாராரிடத்தும் பரவியது. 1775 ஜூலை 18இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் பேரவை, மக்கட்படை வீரன் ஒவ்வொருவனும் வைத்திருக்கவேண்டிய கருவிகளைப் பரிந்துரைத்தபோது, வாளுக்குப் பதிலாகத் தொமஹோக்கும் ஏற்கப்பட்டது. எல்லைப்புறக் குடும்பம் ஒன்றில் இக்கோடரி விறகு பிளக்கவும், வேட்டையை உரிக்கவும், வேண்டியபோது போரிடவும் பயன்பட்ட ஒரே கருவி. அத்தகைய கருவியைப் போரில் எறிந்து இழக்க எவரும் எளிதில் துணியார். எறிதல் பெரிதும் பயிற்சியாகவும் பந்தயமாகவுமே இருந்திருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

இக்கருத்துக்கு அரணாக அமைவது யோசப் டொட்றிட்ஜ் என்னும் மதகுரு 1824இல் வெளியிட்ட குறிப்புகள். 1763 முதல் 1783 வரை வேர்ஜீனியா, பென்சில்வேனியா ஆகியவற்றின் மேற்குப் பகுதிகளில் நிலவிய வாழ்வை அவர் பதிவு செய்தார். அவ்வெல்லைப்புறத்திலேயே சிறுவனாக வளர்ந்தவர். தொமஹோக் எறிதலைச் சிறுவர் விளையாட்டுகளுள் ஒன்றாகவே அவர் வகைப்படுத்துகின்றார். குறித்த நீளமுள்ள காம்புடைய கோடரி, குறித்த தூரத்திற் குறித்த எண்ணிக்கையான சுற்றுகளைச் சுற்றும் என்பது அவர் கூறும் விதி. ஐந்து நடைத் தூரத்தில் காம்பு கீழ்நோக்கியிருக்க அலகு மரத்திற் பதியும். ஏழரை நடைத் தூரத்தில் காம்பு மேல்நோக்கியிருக்கப் பதியும். காட்டில் நடந்து செல்லும்போதே கண்ணால் தூரத்தை அளந்து, விரும்பியவாறு மரத்திற் பதியவைக்கச் சிறுவர் பழகிக்கொண்டனர் என்கிறார் அவர். ஏழரை என்பது ஐந்தின் ஒன்றரை மடங்கு என்பதைக் காண்க. ஐந்து நடைக்கு ஒரு முழுச் சுற்று எனில், ஏழரை நடைக்கு ஒன்றரைச் சுற்று. அரைச் சுற்று மிகும்போது அலகை எறிபவன் பக்கமாகத் திருப்பிப் பிடித்தல் வேண்டும் என்பதை அவர் கூறாது விட்டாலும், கணக்கிற் பிழையில்லை.

இங்கே ஓர் ஒற்றுமை கண்ணிற்படுகின்றது. பிரான்சிஸ்காவை மீளச் செய்து எறிந்து பார்த்த ஆய்வாளர், ஏறத்தாழ 4 மீற்றருக்கு ஒரு சுற்று, 8 மீற்றருக்கு இரண்டு, 12 மீற்றருக்கு மூன்று எனக் கண்டனர். டொட்றிட்ஜின் ஐந்து நடை பன்னிரண்டு, பதின்மூன்று அடியளவு. 4 மீற்றரும் பதின்மூன்று அடியே. இன்றைய ரொறன்ரோ வழி விளையாட்டில் எறிகோடு இலக்கிலிருந்து பன்னிரண்டு அடியில் வரையப்படுகின்றது. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் மூன்று வெவ்வேறு மக்கள் ஒரே தூரத்தை வந்தடைந்துள்ளனர். மரபின் தொடர்ச்சிக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா எனச் சிலர் கேட்கக்கூடும்.

அவசரம் வேண்டா. எறிபவனின் முன்கை முழங்கையை மையமாகக் கொண்டு சுழல்வதாக எளிமைப்படுத்திக் கொள்வோம். முழங்கையிலிருந்து கோடரியின் எடைமையம் வரை ஏறத்தாழ இரண்டு அடி. கை விடுபடும் கணத்தில் கோடரி முன்னோக்கிச் செல்லும் வேகமும், அது தன்னைத்தானே சுற்றும் வேகமும் அந்த ஒரே சுழற்சியிலிருந்து பிறப்பவை. ஆதலின் கோடரி ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள், இரண்டடி ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவுக்குச் சமமான தூரத்தைக் கடந்திருக்கும்: ஏறத்தாழப் பன்னிரண்டரை அடி. பலமாக எறிந்தால் செலவும் சுழற்சியும் ஒருசேர விரைவுறும்; தூரம் பெரிதும் மாறாது. பிராங்கியனுக்கும் எல்லைப்புறச் சிறுவனுக்கும் ரொறன்ரோ இளைஞனுக்கும் பொதுவாக இருப்பது மனித முழங்கையேயன்றி மரபன்று. ஒன்றுபோல் இருப்பவை எல்லாம் ஒன்றிலிருந்து வந்தவை எனக் கொள்வது, மொழியாராய்ச்சியிலும் தொல்லியலிலும் நாம் அடிக்கடி காணும் வழு. இங்கும் அது தலைகாட்டுகின்றது.

இன்றைய விளையாட்டுக்கு மெய்யான முன்னோர் உண்டெனின், அவர்களைத் தேடவேண்டிய இடம் போர்க்களமன்று, மரவெட்டிகளின் முகாம். வட அமெரிக்கக் காடுகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரட்டை அலகுக் கோடரி பெரிதும் வழங்கியது. விஷி அரசின் சின்னத்தைப் போலன்றி, இதன் இரண்டாவது அலகுக்கு ஒரு வேலை இருந்தது: கூரிய அலகு மரத்தை வீழ்த்தவும், சற்றே தடித்த அலகு கணுக்களையும் கிளைகளையும் கழிக்கவும் பயன்பட்டன. அந்நூற்றாண்டின் இறுதியில் இருவர் இழுக்கும் நீள் மரவாளும், இரண்டாம் உலகப் போரின் பின் இயந்திர வாளும் வந்தன. கோடரியின் தொழில் படிப்படியாக அதன் கையைவிட்டுப் போயிற்று. மரவெட்டிகளின் போட்டிகள் நிலையான விழாக்களாக உருப்பெற்றதும் பெரும்பாலும் இக்காலத்திலேதான். ஒரேகன் மாநிலத்தின் அல்பனியில் 1941இல் மரத்தொழில் விழா தொடங்கியது. நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள டாட்மத் கல்லூரியின் மாணவர் 1947இல் காட்டுத்தொழிற் போட்டி ஒன்றை நடத்தினர். மரம் வெட்டிப் பிழைக்கவேண்டாத இளைஞர் கோடரியைக் கையிலெடுத்தனர். 1960இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் ஹேவாட் என்னும் சிற்றூரில், மரங்கள் மிதந்த பழைய நீர்த்தேக்கக் கரையில், மரவெட்டிகளின் உலகப் போட்டி தொடங்கியது. கோடரி எறிதல் அங்கு ஒரு பிரிவு. இருபது அடித் தூரத்தில், முப்பத்தாறு அங்குல விட்டமுள்ள வட்ட இலக்கை நோக்கி, இரு கைகளாலும் தலைக்கு மேல் ஓங்கி எறிதல் அதன் முறை. நீண்ட காம்பும் தோளிலிருந்து எழும் வீச்சும் ஆரத்தை மூன்றடிக்கு மேலாக்குவதால், ஒரு சுற்றுக்கு இருபது அடி தேவைப்படுவது மேற்கூறிய கணக்கோடு பொருந்துகின்றது.

இவ்வகையில், எறிதல் விளையாட்டாக நிலைபெற்ற சூழல்களைப் பார்த்தால், கோடரி தன் தொழிலை இழந்துகொண்டிருந்த காலமே அடிக்கடி எதிர்ப்படுகின்றது. வாய்வழி மருந்திடும் பழைய துப்பாக்கிகளைப் பேணுவதற்கென 1933இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் எழுந்தது. அத்தகைய ஆர்வலரின் கூடல்களிலேயே தொமஹோக் எறிதலும் மீண்டும் உயிர்பெற்றது. அத்துப்பாக்கியை அப்போது எந்தப் படையும் பயன்படுத்தவில்லை. 2006இன் ரொறன்ரோவிலோ, கோடரியை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொட்டிராத அலுவலகப் பணியாளரே பிற்காலத்தில் அவ்விளையாட்டின் பெருங்கூட்டமாயினர். வைக்கிங் பெயர் தேவைப்படுவது இவர்களுக்கே. தந்தையின் கையிற் கோடரியைக் கண்டு வளர்ந்தவன், அதற்கு ஒரு பாட்டனைத் தேடிச் செல்வதில்லை.

விதிகள் விரைந்து வந்தன. 2016இல் ஒரு கூட்டமைப்பும் 2017இல் மற்றொன்றும் எழுந்தன. முதலாவதன் விதிப்படி, இலக்கின் நடுவட்டத்துக்கு ஐந்து புள்ளி, அடுத்த வளையங்களுக்கு மூன்றும் ஒன்றும். ஒரு சுற்றுக்கு ஐந்து எறிகள். இலக்கின் மேற்புறத்தே உள்ள இரு சிறு பச்சைப் புள்ளிகளுக்கு ஏழு. ஆனால் ஐந்தாம் எறியில் மட்டுமே, அதுவும் எறியுமுன் வாய்விட்டு அறிவித்தால் மட்டுமே, அந்த ஏழு கிடைக்கும். அடி விழும் இடத்தை முன்கூட்டியே அறிவது பற்றிய சிதோனியஸின் சொல்லை இவ்விதியை வகுத்தோர் படித்திருப்பர் என நான் கருதவில்லை.

இதனைப் பயிலத் தொடங்குவோர்க்கு மேற்கூறிய வரலாற்றில் உதவக்கூடியது டொட்றிட்ஜின் விதி ஒன்றே. தலை ஒன்றரை இறாத்தல் அளவுள்ள, மரக்காம்புடைய சிறு கோடரி போதும். அலகு மழுங்கியிருப்பது பாதுகாப்பு என நினைப்பது தவறு; மழுங்கிய அலகு பதியாது தெறித்துத் திரும்பும். இலக்குப் பலகை மென்மரமாகவும், அதன் நார்கள் நிலைக்குத்தாகவும் இருத்தல் நன்று. ஒருவர் எறிந்த கோடரியை எடுக்கச் செல்கையில் அயலில் எவரும் எறியலாகாது என்பதால், இருவரும் ஒருசேர எறிந்து ஒருசேரச் செல்வர். மணிக்கட்டை வெட்டி இழுத்தால் சுழற்சி மிகுந்து கணக்குக் குலையும்; ஆதலின் மணிக்கட்டு அசையாதிருக்க, கை இலக்கை நேர்நோக்கும் கணத்தில் விரல்கள் தாமே நெகிழவேண்டும். காம்பின் நுனி முதலிற் பலகையில் மோதினால் சுற்று நிறைவுபெறவில்லை. அரையடி பின்னே சென்று எறிதல் வேண்டும். அலகின் மேல்மூலை மோதினால் சுற்று மிஞ்சிவிட்டது. முன்னே வருதல் வேண்டும். பலத்தைக் கூட்டியோ குறைத்தோ இதனைத் திருத்த முனைவதே புதியோர் யாவரும் செய்வது, அதனாற் பயனில்லை. நிலத்திற் பன்னிரண்டு அடியில் ஒரு கோடு வரையப்பட்டிருப்பினும், சில நாட்பயிற்சியில் ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்தை அதற்கு ஓரிரு சாண் பின்னே கண்டுகொள்கின்றனர். கை நீண்டவர் இன்னும் சற்றுத் தொலைவில்.